ஆங்கிலமும் நாடகமும் நம் பிள்ளைகளுக்கு எட்டாத படிப்பா?



ஒவ்வோர் ஆண்டும் எஸ்.பி.எம். முடிவு வந்த கையோடு ஆசிரியர் அறை வாசலில் ஒரு சின்ன வரிசை நிற்கும். "டீச்சர், அடுத்து என்ன படிக்கலாம்?" இதுதான் கேள்வி. தாதிமை, கணக்கியல், ஆசிரியர் பயிற்சி, கணினி என்றால் நம்மிடம் பதில் தயாராக இருக்கும். ஆனால் ஒரு பிள்ளை வந்து, "ஆங்கில இலக்கியம் படிக்கணும் டீச்சர்", "நாடகம் படிக்கணும் டீச்சர்" என்று கேட்டால் நாம் என்ன சொல்கிறோம்?

நான் சொன்னதை முதலில் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி என்னிடம் இப்படிக் கேட்டாள். சிலிபின் பக்கத்துப் பிள்ளை. தாத்தாவும் பாட்டியும் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர்கள். தோட்டம் கைமாறிய பிறகு குடும்பம் ஈப்போவுக்கு வந்துவிட்டது. பள்ளி நாடகப் போட்டியில் அவள் மேடையேறினால் மண்டபத்தில் சத்தம் அடங்கிவிடும். அவளிடம் நான் சொன்னது இதுதான்: "நல்லா நடிக்கிற, சரி. அத வச்சு என்ன வேலைக்குப் போவ? கணக்கியல் எடுத்துக்கோ."

அவளும் தலையாட்டினாள். ஒரு கல்லூரியில் கணக்கியல் டிப்ளோமா சேர்ந்து, இரண்டாம் ஆண்டோடு நிறுத்திவிட்டாள். அடுத்து வந்த தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தபோது என்மேல் ஒரு குறையும் சொல்லவில்லை. முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டு, "யு.பி.யு. பாரத்துல அந்தப் படிப்பு எந்தப் பக்கத்துல இருக்கும்னுகூட நான் பார்த்ததில்ல டீச்சர்" என்றாள், சிரித்துக்கொண்டேதான்.

நானும் பார்த்ததில்லை. தெரியாத ஒன்றைப் பற்றித் தெரிந்தவள்போல் பதில் சொல்லியிருக்கிறேன். அதன் பிறகுதான் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன், படித்தவர்களிடம் பேசினேன். தெரிந்துகொண்டதை உங்களோடு பகிர்கிறேன். எல்லாரும் ஆங்கிலமும் நாடகமும் படிக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. படிக்க விரும்பும் பிள்ளைக்குச் சரியான தகவலைக் கொடுத்துவிட்டு, முடிவை அந்தப் பிள்ளையும் குடும்பமும் எடுக்கட்டும் என்கிறேன்.

1. நமக்கு முன்னே போனவர் ஒருவர்

"அதெல்லாம் கோலாலம்பூர் பணக்காரப் பிள்ளைங்க படிக்கிறது" என்ற பேச்சு நம்மிடையே உண்டு. அதற்குப் பதிலாக ஒருவரின் வாழ்க்கையைச் சொல்கிறேன்.

கே.எஸ். மணியம் 1942-இல் கெடா மாநிலத்தின் பீடோங்கில் பிறந்தவர். மருத்துவமனையில் சலவைத் தொழில் செய்த தமிழ்க் குடும்பம். ரப்பர் தோட்டச் சூழலிலேயே வளர்ந்தார். சிறிது காலம் தமிழ்ப்பள்ளி, பிறகு சுங்கை பட்டாணியில் ஆங்கிலப் பள்ளி. இங்கிலாந்தில் ஆசிரியர் பயிற்சி பெற்றுத் திரும்பி, கெடாவில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றினார். அதன் பிறகுதான், 1970-களில், மலாயாப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படித்தார். 1980 முதல் 1997 வரை அதே பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்தார். 2000-ஆம் ஆண்டில் ராஜா ராவ் விருது முதன்முறையாக வழங்கப்பட்டபோது அதைப் பெற்றவர் அவர்தான். 2020-இல் காலமானார்.

அவர் எழுதியது ஆங்கிலத்தில். ஆனால் எதைப் பற்றி எழுதினார் என்று பாருங்கள். 1981-இல் வெளிவந்த 'தி ரிட்டர்ன்' நாவலில் ரவி என்ற பையன் தமிழ் வீட்டுக்கும் ஆங்கிலப் பள்ளிக்கும் நடுவில் வளர்கிறான். அவனுடைய பாட்டி பெரியதாய் தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்தவர். அப்பாவோ தனக்கென்று ஒரு துண்டு நிலமும் வீடும் வேண்டுமென்று தவிக்கிறார். 'தி கார்ட்' என்ற நாடகம் தோட்டத்தில் நடக்கிறது. 'தி சேண்ட்பிட்' நாடகத்தில் தாஸ் என்பவரின் இரண்டு மனைவிகள், சாந்தாவும் சுமதியும், அவருக்காகக் காத்திருந்து பேசுகிறார்கள். தண்டல், கிராணி, லயம், உடுக்கை என்று நம் வீட்டுப் பெரியவர்கள் பேசும் உலகம்தான் அங்கே ஆங்கிலம் பேசுகிறது.

2000-ஆம் ஆண்டுகளில் நாட்டின் சில மாநிலங்களில் ஐந்தாம் படிவ ஆங்கில இலக்கியப் பகுதிக்கு 'தி ரிட்டர்ன்' பாடநூலாகவும் இருந்தது. அதாவது, மலாய்ப் பிள்ளைகளும் சீனப் பிள்ளைகளும் நம் பாட்டியின் கதையைத் தேர்வுக்காகப் படித்திருக்கிறார்கள்.

நாடகப் பக்கமும் மணியம் தனியாளாக நிற்கவில்லை. 1984-இல் கிரிஷன் ஜிட், மரியான் டி குரூஸ், சின் சான் சூயி, ரெட்சா பியதாசா ஆகியோரோடு சேர்ந்து 'ஃபைவ் ஆர்ட்ஸ் சென்டர்' என்ற கலைக்குழுவைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். இவர்களில் கிரிஷன் ஜிட் மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பித்தவர். நாட்டின் முன்னணி நாடக இயக்குநர்களில் ஒருவராகவும் நாடக விமர்சகராகவும் அறியப்பட்டவர். நாடகத்துக்குள் போக நாடகப் பட்டம் மட்டும்தான் வழி என்பதில்லை என்று இதிலிருந்து தெரிகிறது.

இலங்கையிலிருந்தும் ஒரு உதாரணம். 1960-களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கிராமத்து நாட்டுக்கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தார். 'கர்ணன் போர்', 'இராவணேசன்' போன்றவை அப்படித்தான் மேடையேறின. மட்டக்களப்பிலிருந்து வந்த மாணவர் சி. மௌனகுரு இராவணனாக நடித்தார். பின்னாளில் அவரே நாடகப் பேராசிரியரானார். ஊரிலிருந்து கொண்டுவந்த ஆட்டமும் பாட்டும் அந்த மாணவருக்குப் பல்கலைக்கழகத்தில் சுமையாக இருக்கவில்லை, முதலாக இருந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரை முழுக்க நான் சொல்ல வருவது இதுதான்.

2. 'ஆங்கிலம் படிக்கிறேன்' என்றால் எது?

மாணவர்கள் அதிகம் குழம்பும் இடம் இது. ஆங்கிலம் என்ற ஒரே பெயரில் நான்கு வேறு படிப்புகள் இருக்கின்றன.

முதலாவது, ஆங்கில இலக்கியம். கவிதை, நாவல், நாடகம், இலக்கியக் கோட்பாடு ஆகியவற்றைப் படித்து விவாதித்து எழுதுவது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் கலை, சமூக அறிவியல் புலத்தின் ஆங்கிலத் துறை இந்த வகை. மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்திலும் ஆங்கில இலக்கியம் படிக்கலாம். தனியார் வழியில் செமினியில் உள்ள நோட்டிங்காம் பல்கலைக்கழக மலேசிய வளாகம் இருக்கிறது.

இரண்டாவது, ஆங்கில மொழியும் மொழியியலும். ஒலி, சொல், வாக்கியம், பேச்சு வழக்கு ஆகியவற்றை ஆராய்வது. மலாயாப் பல்கலைக்கழகத்தின் மொழி, மொழியியல் புலம் இதைத் தருகிறது. அதே புலத்தில் தமிழ் மொழியியலும் உண்டு. நம் பேராக்கிலேயே கம்பாரில் உள்ள துங்கு அப்துல் ரகுமான் பல்கலைக்கழகத்தில் ஆங்கில மொழிப் பட்டம் இருக்கிறது.

மூன்றாவது, ஆங்கிலம் கற்பித்தல். இதைத்தான் டெசல் என்கிறோம். 1922-இல் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கிய தஞ்சோங் மாலிம் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் இதற்குப் பெயர்பெற்றது. எஸ்.பி.எம். முடித்த உடனே ஆசிரியர் பயிற்சிக் கழகங்களின் பி.ஐ.எஸ்.எம்.பி. வழியாகவும் போகலாம். உலு கிந்தாவில் உள்ள ஈப்போ வளாகம் நமக்குப் பக்கம்தான்.

நான்காவது, நாடகமும் அரங்கக் கலையும். நடிப்பு, இயக்கம், மேடை நிர்வாகம், ஒளி, ஒலி, உடை, நாடக எழுத்து, நாடக வரலாறு எல்லாம் இதில் அடங்கும். பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் கலைப் பள்ளியும் கோலாலம்பூரில் அஸ்வாராவும் பலரும் அறிந்த இடங்கள். அஸ்வாரா 1994-இல் தேசியக் கலைக் கழகமாகத் தொடங்கப்பட்டது. அங்கே டிப்ளோமா நிலையிலிருந்தே அரங்கக் கலை படிக்கலாம். தனியாரிலும் நிகழ்த்துகலைப் படிப்பு உண்டு.

ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அரசாங்க உயர்கல்விக் கூடங்களில் நாடகப் படிப்பு பெரும்பாலும் மலாய் மொழியில்தான் நடக்கும். ஆங்கிலத்தில் நாடகம் படிக்க வேண்டுமானால் இலக்கியத் துறையில் நாடகப் பாடங்களை எடுப்பது ஒரு வழி. தனியார் பல்கலைக்கழகம் இன்னொரு வழி, ஆனால் கட்டணம் கூடுதல். பி.டி.பி.டி.என். கடன் வாங்கலாம் என்று சேரும் முன்பே, பட்டம் முடித்த பிறகு மாதம் எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும் என்று பெற்றோரோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள்.

3. வகுப்பில் என்ன நடக்கும்? ஒரு சின்ன எடுத்துக்காட்டு

பல்கலைக்கழகம் எதிர்பார்க்கும் வாசிப்பு எப்படி இருக்கும் என்று காட்ட நானே ஒரு சிறு காட்சி எழுதியிருக்கிறேன். உங்கள் வகுப்பிலும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

(இரவு. சமையலறை. மகள் கைத்தொலைபேசியைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். அம்மா சோறு போடுகிறார்.)

அம்மா: பாரம் அனுப்பிட்டியா?
மகள்: இன்னும் இல்லம்மா.
அம்மா: நாளைக்குத்தானே கடைசி நாளு?
மகள்: ஆமா.
அம்மா: (இன்னொரு கரண்டி சோறு வைத்து) அப்பா கேட்டா நான் சொல்லிக்கிறேன்.

"அம்மாவின் பண்புநலனை விளக்குக" என்று கேட்டால் நம் மாணவர் என்ன எழுதுவார்? "அம்மா அன்பானவர். பொறுப்பானவர். சான்றாக, மகளுக்குச் சோறு போடுகிறார்." தப்பில்லை, புள்ளி கிடைக்கும். ஆனால் பல்கலைக்கழக வகுப்பில் விரிவுரையாளர் அதோடு விடமாட்டார். கீழ்க்கண்ட கேள்விகள் வரும்.

இந்தக் காட்சியில் இல்லாதவர் யார்? அப்பா. அவர் மேடையில் இல்லை. ஆனால் மகள் ஏன் இன்னும் பாரத்தை அனுப்பவில்லை என்பதற்குக் காரணம் அவராகத்தான் இருக்கும் என்று கடைசி வரியில் நமக்குப் புரிகிறது.

எது சொல்லப்படவில்லை? "நீ போய்ப் படி" என்று அம்மா சொல்லவே இல்லை. "பயப்படாதே" என்றும் சொல்லவில்லை. அந்த இன்னொரு கரண்டி சோறுதான் அதைச் சொல்கிறது. வாசிக்கும்போது அடைப்புக்குறிக்குள் இருக்கும் குறிப்பு. நடிக்கும்போது அதுதான் காட்சியின் உயிர்.

'சொல்றேன்' என்று இல்லாமல் ஏன் 'சொல்லிக்கிறேன்'? இங்கேதான் நம் பிள்ளைகளின் பலம் வருகிறது. 'கொள்' என்ற துணைவினை சேர்ந்ததும் பொருள் மாறிவிடுகிறது. வரப்போகும் சண்டையை அம்மா தன் தலையில் போட்டுக்கொள்கிறார். இதை ஆங்கிலத்தில் 'ஐ வில் டெல் ஹிம்' என்று எழுதினால் அந்தப் பொறுப்பு காணாமல் போகிறது. அப்படியானால் ஆங்கிலத்தில் எழுதும் ஒரு நாடகாசிரியர் இந்த அம்மாவை எப்படிப் பேசவைப்பார்? கே.எஸ். மணியம் போன்றவர்கள் நாடகம் எழுத உட்கார்ந்தபோது எதிரே நின்ற கேள்வி இதுதான். தமிழ் தெரியாத மாணவருக்கு இந்தக் கேள்வியே தோன்றாது. நம் பிள்ளைக்குத் தோன்றும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2021 முதல் எஸ்.பி.எம். ஆங்கிலப் பாடம் வாசிப்பு, எழுத்து, பேச்சு, செவிமடுத்தல் என நான்கு தாள்களாக நடக்கிறது. இலக்கியத்துக்கென்று தனி வினா இல்லை. ஆங்கில இலக்கியத்தைத் தனிப் பாடமாக எடுக்கும் மாணவர்கள் மிகக் குறைவு. ஆகவே ஒரு நாடகத்தை முழுதாகப் படித்து, பாத்திரம், பின்னணி, உத்தி, கருப்பொருள் என்று பிரித்து எழுதும் பயிற்சி நம் பிள்ளைகளில் பலருக்குக் கிடைக்கும் முக்கியமான இடம் தமிழ் இலக்கிய வகுப்புத்தான். நாம் அதை 'கூடுதலா ஒரு ஏ' என்று மட்டும் பார்க்கிறோம். உண்மையில் அது இலக்கியத் துறைக்கான முதல் ஆண்டுப் பயிற்சி.

4. படித்தவர்கள் சொன்ன அனுபவங்கள்

இந்தத் துறைகளில் படிக்கும், படித்து முடித்த சில முன்னாள் மாணவர்களிடம் பேசினேன். அவர்கள் சொன்னதில் திரும்பத் திரும்ப வந்தவை இவை.

முதல் அரையாண்டு கஷ்டம். ஒரே வாரத்தில் ஒரு நாவல், ஒரு நாடகம், இரண்டு கட்டுரைகள் என்று வாசிக்கக் கொடுப்பார்கள். "பத்து பக்கம் வாசிக்க ஒரு மணி நேரம் ஆச்சு டீச்சர், அகராதியோடவே தூங்கினேன்" என்றாள் ஒருத்தி. தெரியாத ஒவ்வொரு சொல்லுக்கும் நிற்காமல், முதலில் முழுக்க ஓடிப் படித்துவிட்டு, இரண்டாம் முறை முக்கியமான பகுதியை மட்டும் நிதானமாகப் படிக்கப் பழகிய பிறகு சமாளிக்க முடிந்ததாம். ஒரே நாளில் இது வராது. ஆறாம் படிவத்திலேயே பழகினால் நல்லது.

இரண்டாவது, டியூடோரியல் வகுப்பில் வாய் திறக்கும் பயம். பத்துப் பதினைந்து பேர் வட்டமாக உட்கார்ந்து கருத்துச் சொல்ல வேண்டும். நகரத்துப் பிள்ளைகள் சரளமாகப் பேசும்போது நம் பிள்ளை, 'நம்ம ஆங்கிலத்த கேட்டுச் சிரிச்சிடுவாங்களோ' என்று ஒடுங்கிவிடுகிறது. ஒரு மாணவன் சொன்ன வழி எனக்குப் பிடித்தது. வகுப்புக்குப் போகும் முன் ஒரே ஒரு கருத்தை மூன்று வாக்கியத்தில் எழுதிக்கொண்டு போவானாம். முதல் பத்து நிமிடத்துக்குள் அதைச் சொல்லிவிடுவான். முதலில் பேசிவிட்டால் பயம் பாதியாகிவிடும். பிறகு பேச்சு தானாக வரும்.

மூன்றாவது, நாடகம் படிப்பவர்களின் நேரம். ஒத்திகை மாலையில் தொடங்கி நடு இரவு வரை போகும். மேடை ஏற்றம் நெருங்கும் வாரத்தில் வீட்டுக்கு வர முடியாது. "பொம்பளப் பிள்ள ராத்திரி பன்னெண்டு மணிக்கு என்ன ஒத்திகை?" என்று வீட்டில் கேட்பார்கள். இதைத் தாண்டி வந்த ஒரு மாணவி அம்மாவையும் அப்பாவையும் பேருந்தில் வரவழைத்து முதல் வரிசையில் உட்காரவைத்திருக்கிறாள். நாடகம் முடிந்து அப்பா ஒன்றும் பேசவில்லையாம். வெளியே வந்ததும், "அந்த விளக்க யாரு போட்டா?" என்று மட்டும் கேட்டாராம். விளக்குப் போட்டது அவள்தான். அதன் பிறகு வீட்டில் அந்தக் கேள்வி வரவில்லை.

நான்காவது, அவர்கள் எல்லாரும் சொன்ன மகிழ்ச்சியான விஷயம். திருவிழா, கரகம், உடுக்கைப் பாட்டு, காமன் கூத்து, தோட்டத்துக் கோயிலில் போட்ட சரித்திர நாடகம், புந்தோங் கச்சான் பூத்தே வியாபாரிகளின் பேச்சு, சிலிபின் லூர்து மாதா ஆலயத் திருவிழா என்று ஊரில் பார்த்ததை வகுப்பில் சொன்னபோதுதான் விரிவுரையாளர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்களாம். நாம் மறைக்க நினைத்ததுதான் அங்கே கேட்கப்படுகிறது.

5. போகும் வழி: தேர்வு மாணவர்களுக்கு

அ) எஸ்.பி.எம். ஆங்கிலம், மலாய், வரலாறு, தமிழ் ஆகியவற்றில் நல்ல தேர்ச்சி வேண்டும். பள்ளியில் வசதி இருந்தால் தமிழ் இலக்கியத்தை விடாதீர்கள். ஆங்கில இலக்கியமும் எடுக்க முடிந்தால் இன்னும் நல்லது.

ஆ) ஆறாம் படிவம். மெட்ரிகுலேசன் பெரும்பாலும் அறிவியல், கணக்கியல் பிரிவுகளுக்கானது. ஆகவே கலைத்துறைக்குப் போகிறவர்களுக்கு எஸ்.டி.பி.எம். வலுவான வழி. ஒன்றரை ஆண்டு, மூன்று தவணைகள், செலவும் குறைவு. பொதுப்பாடத்தோடு தமிழ்மொழியை எடுக்கலாம். எஸ்.டி.பி.எம்.மில் ஆங்கில இலக்கியமும் ஒரு பாடம். எல்லாப் பள்ளிகளிலும் அது கிடைக்காது என்பதால் சேரும் முன்பே விசாரியுங்கள்.

இ) முவெட். பல்கலைக்கழகம் நுழைய இது வேண்டும். செவிமடுத்தல், பேச்சு, வாசிப்பு, எழுத்து என நான்கு பிரிவு. ஒவ்வொன்றுக்கும் 90, மொத்தம் 360 புள்ளி. தரம் பேண்ட் 1-இலிருந்து 5+ வரை. ஆங்கிலத் துறைகள் மற்றப் படிப்புகளைவிட உயர்ந்த பேண்ட் கேட்பது வழக்கம். முதல் முறை குறைந்தால் மனம் தளராமல் மறுபடி எழுதலாம். பேச்சுப் பிரிவில் குழு விவாதமும் இருக்கிறது. மேடையில் அடுத்தவர் வசனத்தைக் கேட்டுப் பதில் சொல்லிப் பழகிய பிள்ளைக்கு அது கை கொடுக்கும்.

ஈ) யு.பி.யு. விண்ணப்பம். தகுதிப் புள்ளியில் 90 விழுக்காடு கல்வித் தேர்ச்சி, 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கை. நாடகப் போட்டி, விவாதம், கழகப் பொறுப்பு ஆகியவற்றின் சான்றிதழ்களை முதலாம் படிவத்திலிருந்தே ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். நாடகம் போன்ற கலைப் படிப்புகளுக்கு நேர்முகத் தேர்வோ திறன் சோதனையோ இருக்கும். இரண்டு நிமிடத் தனி நடிப்பு ஒன்றை, மலாயில் ஒன்றும் ஆங்கிலத்தில் ஒன்றுமாக, எப்போதும் தயாராக வைத்திருங்கள். நிபந்தனைகள் ஆண்டுக்கு ஆண்டு மாறலாம். அண்ணன் போன வருடம் சொன்னதை நம்பாமல், அந்த ஆண்டின் அதிகாரபூர்வப் பக்கத்தை நீங்களே திறந்து படியுங்கள்.

6. "அத வச்சு என்ன வேலை?"

நான் அந்த மாணவியிடம் கேட்ட அதே கேள்வி. நேர்மையான கேள்விதான், ஆகவே நேர்மையாகவே பதில் சொல்ல வேண்டும்.

மருத்துவம், தாதிமை போல இந்தப் படிப்பு ஒரே ஒரு வேலையைக் கையில் கொடுத்து அனுப்பாது. தேடிப் போக வேண்டியிருக்கும். ஆங்கிலப் பட்டதாரிகள் ஆசிரியர், விரிவுரையாளர், பதிப்பாசிரியர், செய்தியாளர், மொழிபெயர்ப்பாளர், விளம்பர எழுத்தாளர், நிறுவனங்களின் தகவல் தொடர்பு அதிகாரி என்று பல பக்கம் போகிறார்கள். நாடகம் படித்தவர்களுக்கு வானொலி, தொலைக்காட்சி, நிகழ்ச்சி ஏற்பாடு, மேடை நிர்வாகம், ஒளி ஒலித் தொழில்நுட்பம், திரைக்கதை, குழந்தைகளுக்கான நாடகப் பயிற்சி என்று வாய்ப்பு இருக்கிறது. முழுநேர நடிகராக மட்டும் வாழ்வது நம் நாட்டில் கடினம். இதைப் பிள்ளையிடம் மறைக்கக் கூடாது.

நம் பிள்ளைகளுக்கு ஒரு கூடுதல் வசதி இருக்கிறது. தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றிலும் எழுதவும் பேசவும் தெரிந்தவர், அதுவும் நன்றாகத் தெரிந்தவர், எத்தனை பேர்? துணைத்தலைப்பு எழுதுவது, ஒலிபரப்பு, விளம்பரம் ஆகிய வேலைகளில் அந்த மூன்றும் சேர்ந்துதான் விலைபோகும். ஆகவே ஆங்கிலத் துறைக்குப் போகும் மாணவர் தமிழை விட்டுவிட்டுப் போகக் கூடாது. விட்டால் மற்றவர்களைப்போல் அவரும் ஓர் ஆங்கிலப் பட்டதாரி, அவ்வளவுதான்.

பட்டம் முடித்தபின் ஆசிரியர் ஆகலாமே என்று நினைப்பவர்களுக்கு என் சொந்த அனுபவம்: நானே பட்டப்படிப்புக்குப் பிறகு ஆசிரியர் கல்வி டிப்ளோமா படித்துத்தான் பள்ளிக்கு வந்தேன். அந்த வழி இருப்பது உண்மை. ஆனால் இடங்கள் தேவையைப் பொறுத்துத்தான் திறக்கும். அதை மட்டுமே நம்பி உட்கார வேண்டாம்.

7. ஆசிரியர்களாகிய நாம் செய்யக்கூடியவை

பெரிதாக ஒன்றும் வேண்டாம். என் வகுப்பில் நான் மாற்றிக்கொண்ட மூன்றைச் சொல்கிறேன்.

ஒன்று: நாடகப் பாடத்தை உட்கார்ந்தே வாசிப்பதை நிறுத்தினேன். வாரம் ஒரு காட்சியைப் பாகமேற்று நடிக்கவைக்கிறேன். பதினைந்து நிமிடம் போதும். நடித்த பிறகு மேலே சொன்ன கேள்விகளைக் கேட்கிறேன்: யாருக்கு என்ன வேண்டும்? எது தடுக்கிறது? எது சொல்லப்படவில்லை? ஏன் இந்தச் சொல்? நடித்துப் பார்த்த மாணவர்கள் பண்புநலனுக்குச் சான்று தேடித் திணறுவதில்லை. அவர்களே அந்தப் பாத்திரமாக நின்றிருக்கிறார்களே.

இரண்டு: ஆங்கில ஆசிரியரோடு கைகோத்தேன். ஆங்கில நாடகப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கும்போது, 'ஆங்கிலம் நல்லா பேசுறவங்க' என்ற பட்டியலோடு, தமிழ் வகுப்பில் நன்றாக நடிக்கும் பிள்ளைகளின் பெயரையும் நான் கொடுக்கிறேன். உச்சரிப்பைப் பழக்கிவிடலாம். மேடையில் நிற்கும் துணிச்சலைப் பழக்குவது அதைவிடக் கடினம்.

மூன்று: "என்ன படிக்கலாம்?" என்று கேட்கும் பிள்ளைக்கு உடனே பதில் சொல்வதில்லை. "உட்காரு, சேர்ந்து பார்ப்போம்" என்று கணினியைத் திறக்கிறேன். அந்தப் படிப்பின் பக்கத்தை இருவரும் சேர்ந்து வாசிக்கிறோம்: நிபந்தனை, கட்டணம், பாடங்களின் பட்டியல். சில பிள்ளைகள் பாடங்களைப் பார்த்துவிட்டு, "இது எனக்கு இல்ல டீச்சர்" என்று தாங்களாகவே விலகிவிடுகிறார்கள். அதுவும் நல்லதுதான். தெரிந்து விலகுவதற்கும் தெரியாமலே விலகுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

போன ஆண்டு ஒரு மாணவன் அப்படி என் பக்கத்தில் உட்கார்ந்தான். அப்பா லாரி ஓட்டுநர். தமிழ் இலக்கியத்தில் நல்ல புள்ளி, ஆங்கிலம் சுமார். ஆங்கில இலக்கியம் என்றதும் அப்பா, "நம்ம பிள்ள அங்க போயி தாக்குப்பிடிக்குமா டீச்சர்?" என்று என்னிடம் கேட்டார். "தெரியலைங்க. ஒன்றரை வருஷம் ஆறாம் படிவம் இருக்கு, முவெட் இருக்கு. அதுக்குள்ள அவனுக்கே தெரிஞ்சிடும்" என்றேன். இப்போது ஆறாம் படிவத்தில் இருக்கிறான். வாரம் ஒரு ஆங்கிலக் கதையைப் படித்துவிட்டு, குரல் பதிவாக எனக்கு அனுப்புகிறான். முதல் மாதம் இரண்டு நிமிடத்துக்கே திணறினான். இப்போது நான்தான் "போதும்பா, சுருக்கமா சொல்லு" என்கிறேன். அவனுக்கு இடம் கிடைக்குமா, கிடைக்காதா என்பது இன்னும் தெரியாது. ஆனால் அந்தப் பக்கம் எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும்.

முன்னே சொன்ன மாணவிக்கு இப்போது இருபதுகளின் நடு வயது. ஈப்போவில் வேலை செய்கிறாள். அஸ்வாராவின் சேர்க்கை விவரத்தைச் சென்ற மாதம் அவளுக்கு அனுப்பினேன். "பார்க்கிறேன் டீச்சர்" என்று பதில் வந்தது. பார்க்கட்டும்.

தேர்வு எழுதப்போகும் மாணவர்களே, உங்களில் யாருக்காவது இந்த ஆசை இருந்தால், நாளைக்கே உங்கள் தமிழாசிரியரிடமோ ஆங்கில ஆசிரியரிடமோ போய்க் கேளுங்கள். ஆசிரிய நண்பர்களே, கேட்கும் பிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போடுங்கள்.